உப்புப் பார்க்காமல் இறக்கிய ஸ்டூ

இதை எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. எனக்கு எழுத்து என்றால் மளிகைச் சாமான் பட்டியலும், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு நிரப்பிக் கொடுக்கும் வங்கிப் படிவமும்தான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்கிற இடத்தில் வந்து உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. முதலில் அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதும் பெரிய விஷயமில்லை. ஒரு வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளைக்காரருக்கு ஒரு வேளைச் சாப்பாடு சமைத்தேன். ஆனால் அந்த அரை நாள் இன்னொருவருடைய வேலை என் கையில் இருந்தது. இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தான்.

கீழவாஞ்சூரில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு விருந்தினர் இல்லம் இருக்கிறது. ஆறு அறைகள். கப்பல், கிரேன், கணக்கு என்று வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். அங்கே எனக்குக் காய் நறுக்குகிற வேலை, பாத்திரம் தேய்க்கிற வேலை, ஜன்னல் துடைக்கிற வேலை. நிலக்கரி லாரி போகிற சாலை என்பதால் காலையில் துடைத்த ஜன்னலை மத்தியானம் விரலால் தொட்டால் கறுப்பு ஒட்டும். என் ஊர் அம்பகரத்தூரிலிருந்து காரைக்காலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நாகூர் போகிற பஸ் ஒன்று. ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும்.

சமையல் மாஸ்டர் காரைக்கால் டவுன்காரர். கிறிஸ்தவர். முன்பு பல வருஷம் கப்பலில் சமைத்தவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். வாய் ஓயாது அவருக்கு. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் அவரோடு வேலை செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அவிழ்க்கிற நாள் வரை வீட்டில் கவிச்சி ஏறாது. கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் கறி மீனைத் தொடவும் கூடாது. என் பெரிய பெண்ணுக்குக் காமாலை வந்து பிழைத்ததிலிருந்து வருஷா வருஷம் நான் கட்டிக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், மஞ்சள் நூலோடு போய் நின்றேன். கறிச்சட்டி தேய்க்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தொட்டியருகே விழித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார். கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டுக் குழாயடியில் தானே தேய்த்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வைகாசியிலும் அப்படித்தான். எட்டு நாளும் அவர் தேய்ப்பார். அதை ஒரு பேச்சாகக் கூட எடுத்ததில்லை, அவ்வளவு பேசுகிற மனிதர்.

அந்த வருஷம் காப்புக் கட்டின நாலாம் நாள் சாயங்காலம், மாஸ்டர் பேசாமல் இருந்தார். எனக்கு அதுவே பயமாகிவிட்டது.

"என்னண்ணே?"

"ஒன்னுமில்ல தங்கச்சி. ஒங்க அண்ணிக்கு நாளைக்கே ஆபரேஷனாம். அடுத்த வாரம்னானுவ, இப்ப ஃபோன் பண்ணி நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்து சேருங்கறானுவ. தஞ்சாவூருக்குப் போவணும். வேற யாரு இருக்கா எங்களுக்கு?"

"மேனேஜர்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். நாளைக்கு அயர்லாந்துக்காரரு வர்றாரு, நாளன்னைக்குப் போனா ஆவாதாங்கறாரு. வயித்த அறுக்கறது என்ன முடிவெட்டறதா, நாளன்னைக்கு வச்சிக்க?"

அயர்லாந்துக்காரர் போன வருஷமும் வந்தவர். துறைமுகத்தில் ஏதோ இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கிற பெரியவர். அப்போது மாஸ்டர் கப்பலில் பழகின ஒரு ஸ்டூ வைத்துக் கொடுத்தார். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம். மிளகாய், மஞ்சள், மசாலா எதுவும் கிடையாது. வெள்ளையாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு அந்த மனிதர் சமையலறைக்கே வந்து மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்தத் தடவை புறப்படுவதற்கு முன்பே, மத்தியானத்துக்கு அந்த ஸ்டூ வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். முதலாளிக்கு மிக வேண்டிய ஆள். அவர் சாப்பாட்டில் குறை என்றால் அன்றைக்கே வேறு சமையல்காரர் வந்துவிடுவார் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

"நீங்க போங்கண்ணே" என்றேன். "நான் செய்றேன்."

மாஸ்டர் என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அதெல்லாம் வாணாம் தங்கச்சி. ஒன் சாமி என் மேல கோவிச்சுக்கும். ஏற்கெனவே என் சாமி கோவமாத்தான் இருக்கு, ஞாயித்துக்கிழம பூசைக்கே போறதில்லன்னு."

"அண்ணிய தனியா அனுப்புவீங்களா?"

மாஸ்டர் பேனாவை எடுத்தார். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். புரியாததற்குப் போன் செய்யச் சொன்னார்.

இது நடக்கும் என்று நாங்கள் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு. மேனேஜர் மாயவரம் பக்கம், சுத்த சைவம். கறி வேகிற நாளில் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டார். வாசலில் தொங்குகிற திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார், அவ்வளவுதான். கேட்டில் இருக்கிற காவலாளிக்கு மட்டும் தெரியாமல் முடியாது. அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் பதிவேட்டைத் தட்டிக் காட்டினார்.

"இதுல பொய் எழுத மாட்டேன். மாஸ்டர் வந்தாருன்னும் எழுத மாட்டேன், வரலன்னும் எழுத மாட்டேன். எழுதாம இருக்கறதுக்கு எவனும் என்னைக் கேக்க முடியாது."

மறுநாள் காலையில் பாய்தான் கறி வாங்கி வந்தார். கழுத்துக்கறி, தோள்கறி, எலும்போடு ஒன்றரைக் கிலோ. நான் பின்கட்டில் குளித்து, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, தளர்வாகக் கட்டியிருந்த காப்பு நூலை மணிக்கட்டிலிருந்து மெல்ல நகர்த்தி முழங்கைக்கு மேலே ஏற்றினேன். அதன் மேல் துவைத்த வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். நூலில் கறித்தண்ணீர் பட்டுவிடக் கூடாது. எங்கள் அம்மனுக்குக் கிடா வெட்டுகிறவர்கள் உண்டு, அவளுக்குக் கறி புதிதில்லை. இருந்தாலும் கட்டினவள் தொடக் கூடாது என்றால் தொடக் கூடாதுதான். பொட்டலத்தைப் பிரித்துக் கறியைத் தொட்டியில் கொட்டும்போது என் வாய் அவள் பேரையே சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் முதல் தடவை அலசினேன் என்று நினைக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது கறி மஞ்சளாக இருந்தது.

என்ன நடந்தது என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. அலமாரியில் மஞ்சள்தூள் டப்பா திறந்திருந்தது. முப்பது வருஷமாகக் கறி என்றால் மஞ்சள் போட்டுப் பிசறிக் கழுவின கை. மனசு அம்மனிடம் இருந்தபோது கை தன் பாட்டுக்கு எட்டி எடுத்து, போட்டு, பிசறிவிட்டது. பில்லின் பின்பக்கம் மாஸ்டர் முதல் வரியாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது, 'மஞ்சள் கூடாது'.

ஏழு தண்ணீர் கழுவினேன். உப்புப் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் தெளிந்தது, கறி தெளியவில்லை. ஓடிப் போய்ப் பாயிடம் இன்னொரு தடவை கறி கிடைக்குமா என்றேன். நல்ல கழுத்துக்கறி இந்நேரம் எந்தக் கடையிலும் இருக்காது என்றார். போன் போட்டேன்.

"எவ்ளோ போட்ட?"

"கைப்பழக்கம்ண்ணே. வீட்டுல போடற மாதிரிதான்…"

"சரி, அழுவாத. அழுவறியா?"

"இல்ல."

"அழுவற. கேளு. பெரிய சட்டியில தண்ணி கொதிக்க வையி. கறிய அதுல போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியக் கொட்டிடு."

"முதல் சாறுண்ணே அது."

"தெரியும், தங்கச்சி. கொட்டு."

நாங்கள் கறி வேகவைத்த தண்ணீரை ஒரு நாளும் கொட்டியதில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் மருந்து. அதைச் சாக்கடையில் ஊற்றினேன். கறி இப்போது பழைய தந்தம் மாதிரி ஒரு நிறத்தில் இருந்தது. வெள்ளை என்று சொல்ல முடியாது.

"அப்ப வெள்ள ஸ்டூவ விட்டுடு" என்றார் மாஸ்டர். "வெண்ணெய்யில போட்டு வறு. நல்லா செவந்து, ஓரம் கருகற மாதிரி வரணும். மைதா கொஞ்சம் தூவு. பழுப்பு நெறத்துக்கு வந்துட்டா மஞ்சள் உள்ள மறைஞ்சுடும். அந்த ஊர்ல அப்படியும் செய்வானுவ. இந்த வருஷம் நான் மாத்திட்டேன்னு வச்சுக்க."

அப்படியே செய்தேன். கறியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வறுக்க வேண்டும், மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டுவிடும். நாலு ஈடாக வறுத்தெடுத்தேன். அதே சட்டியில் வெங்காயத்தைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டு, அடியில் பிடித்த பழுப்பைச் சுரண்டிக்கொண்டே வதக்கினேன். கறியைத் திரும்பப் போட்டு, பிரிஞ்சி இலை இரண்டு, இடித்த மிளகு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கி ஊறவைத்த பார்லி ஒரு கைப்பிடி, மூழ்கும் அளவுக்கு வெந்நீர். குக்கர் கூடாது, மெல்லிய தீயில் இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருந்தது. குக்கர் இல்லாமல் ஆட்டுக்கறி வேகுமா என்று எனக்குச் சந்தேகம். மணி அப்போது பத்தேகால். ஒன்றரைக்குச் சாப்பாடு.

பதினொரு மணிக்குத் திரைச்சீலைக்கு அப்பால் செருப்புச் சத்தம் நின்றது.

"மாஸ்டர்!"

நல்ல வேளை, போன் அப்போது பேச்சில்தான் இருந்தது. அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரைப் போட்டுப் போனை வாசல் பக்கம் நீட்டினேன். என் கை எட்டுகிற தூரத்தில் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்" என்றது போன்.

"எல்லாம் சரியா போவுதா? ஒன்றரைக்கு வந்துடுவார்."

"பிரமாதமா போவுது சார்."

"குரல் ஏன்யா ஒரு மாதிரி இருக்கு? கெணத்துக்குள்ளேருந்து பேசறாப்ல."

"ஃப்ரிட்ஜுக்குள்ள தலைய விட்டிருக்கேன் சார். கேரட் தேடறேன்."

மேனேஜர் சிரித்த மாதிரி இருந்தது. செருப்பு நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில், "அறுவை சிகிச்சைப் பிரிவு, டோக்கன் நம்பர் பதினேழு, டோக்கன் நம்பர் பதினேழு" என்றது. செருப்புச் சத்தம் நின்றது.

"என்ன அது?"

மாஸ்டர் பேசினால் இன்னும் சத்தம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பேச வேண்டியது நான்தான். வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. மறுபடி திறந்தேன்.

"ரேடியோ சார்."

"சமையல் நேரத்துல என்னம்மா ரேடியோ? நிறுத்தச் சொல்லு அந்தாள."

அவர் போகும்வரை போனை மார்போடு அழுத்திக்கொண்டிருந்தேன். காதில் வைத்தபோது மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"பதினேழு நாங்கதான் தங்கச்சி. கூப்பிட்டுட்டாங்க. கையெழுத்துப் போடணும். ஃபோன உள்ள வச்சுக்கக் கூடாதாம். இனிமே நீயா பாத்துக்க. உருளக்கெழங்கு ரெண்டு மாதிரி, மறந்துடாத. உப்ப மட்டும்…"

அதோடு நின்றுவிட்டது. திரும்பப் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

உருளைக்கிழங்கு எழுதியிருந்தது. பாதியை மெல்லிய வில்லையாக அரிந்து பன்னிரண்டு மணிக்கே போட்டுவிட வேண்டும். அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். மீதியை இரண்டாகப் பிளந்து, கேரட்டோடும் நூல்கோலோடும் கடைசி முக்கால் மணி நேரத்துக்கு மேலாக வைக்க வேண்டும். கிளறக் கூடாது. எல்லாம் இருந்தது. உப்புக்கு மட்டும் 'உப்பு: பார்த்து' என்று எழுதியிருந்தார். அவர் பார்க்கிறவர். நான் எப்படிப் பார்ப்பது? தொட்டது ஒரு தப்பு. நாக்கில் வைத்தால் விரதமே இல்லை என்று ஆகிவிடும். போதாததற்கு இந்தச் சாப்பாட்டை நான் ஜென்மத்தில் சாப்பிட்டதும் இல்லை. சரியான ருசி எது என்று தெரிந்தால்தானே தப்பானது தெரியும்.

பாயைக் கூப்பிட்டேன். ஒரு கரண்டி கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். ஊதி ஊதிக் குடித்தார்.

"என்னம்மா இது, காய்ச்சக்காரனுக்குக் குடுக்கற கஞ்சியாட்டம் இருக்கு? ஒறைப்புன்னு ஒன்னு கெடையாதா?"

"அது கெடையாதுங்க பாய். உப்பு?"

"உப்பு நல்லா தூக்கலா இருக்கு."

நான் இன்னும் உப்பே போடவில்லை. கறியைத் தேய்த்துக் கழுவின உப்பும் கொதித்த தண்ணீரோடு போய்விட்டது.

"நெசமாவா?"

"ரெத்தக்கொதிப்புன்னு நாலு வருஷமா எனக்கு வீட்டுல உப்பே போடறதில்லம்மா. எதக் குடிச்சாலும் எனக்குக் கடல் தண்ணிதான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கிண்ணத்தைத் துடைத்துக் குடித்துவிட்டு, "கறி பூவா வெந்திருக்கு, அது போதும்" என்று சொல்லிக் கேட்டுக்குப் போனார்.

அடுப்பு முன்னால் நின்றேன். அம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது யாரும் உப்போ இனிப்போ பார்ப்பதில்லை. படைப்பதற்கு முன் வாயில் வைக்கக் கூடாது. இத்தனை படி அரிசிக்கு இத்தனை அள்ளு என்று கை போடும், அது தப்பியதில்லை. காலையில் அதே கைதான் மஞ்சளை அள்ளிப் போட்டது. இப்போது அதையே நம்ப வேண்டியிருந்தது. சட்டியில் தண்ணீர் எத்தனை சொம்பு ஊற்றினேன் என்று நினைவுபடுத்திக்கொண்டேன். உருளைக்கிழங்கு உப்பை இழுக்கும். கல் உப்பை மூன்று விரலால் அள்ளி மூன்று தடவை போட்டேன். நாலாவது தடவை எடுத்த விரலை அப்படியே நிறுத்தி, திரும்ப டப்பாவில் உதறினேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பாத்திரத்தை அதில் வைத்தால் சாப்பிடுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றரைக்குப் பீங்கான் பாத்திரத்தில் ஸ்டூவை ஊற்றி, ரொட்டியோடு அதில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு விரல்கடை இடைவெளி விட்டுச் சாத்தினேன்.

அயர்லாந்துக்காரர் நல்ல உயரம். வெயிலில் வந்ததால் முகம் சிவந்திருந்தது. மேனேஜர் தள்ளி ஒரு மேஜையில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்காரர் தட்டில் ஊற்றியதும் குனிந்து பார்த்தார். நிறத்தைத்தான் பார்க்கிறார். மேனேஜரிடம் ஏதோ கேட்டார். மேனேஜர் கையை விரித்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். வைத்தவர் மெல்லாமல் அப்படியே இருந்தார். உப்பு இல்லை, அல்லது கரிக்கிறது. மாஸ்டரின் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடக்கிற அண்ணியை நினைத்தேன்.

அப்புறம் அவர் சாப்பிட ஆரம்பித்தார். தட்டு முடிந்து இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார். எலும்பைக் கையால் எடுத்து உறிஞ்சினார். ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எத்தனை நேரம் சந்தோஷப்பட்டேன் என்றால், அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்கும்வரைதான். போன வருஷம் அவருக்குப் பிடித்திருந்ததால்தானே உள்ளே வந்து கை குலுக்கினார். கெட்டுப்போகக் கூடாது என்று காலையிலிருந்து பாடுபட்டவள், நன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

எழுந்து அரிசி மூட்டைப் பக்கம் போவதற்குள் திரைச்சீலை விலகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அவர் உள்ளே வந்தார்.

"ஷெஃப்?" என்று சுற்றிப் பார்த்தார்.

மாஸ்டர் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்வதாக பாயும் நானும் பேசி வைத்திருந்தோம். அதற்கான ஆங்கிலத்தைக் கூடக் காலையிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. அவர் அடுப்பைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். என் கையில் இருந்த கரண்டியையும் மஞ்சள் ஏறின விரல்களையும் பார்த்தார். என்னை நோக்கி விரலை நீட்டி, "யூ?" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டவில்லை. இல்லை என்றும் ஆட்டவில்லை. அது போதுமாக இருந்தது அவருக்கு. பெரிதாகச் சிரித்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, திரைச்சீலைப் பக்கம் திரும்பி மேனேஜருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். வேகமான ஆங்கிலம். எனக்குப் புரிந்தது, இந்த அம்மாதான் செய்தது என்பதும், போன வருஷத்தை விட நன்றாக இருந்தது என்பதும். நல்ல மனுஷர். அவர் நல்லதுதான் சொன்னார்.

அவர் போன பிறகு திரைச்சீலை மறுபடி விலகியது. மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கறி வெந்த நாளில் அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை.

"மாஸ்டர் எங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காலையில எங்கிட்ட பேசினது யாரு?"

"அவருதான் சார். ஃபோன்ல."

"ஆக, ஆளே வரல. முடியாதுன்னு சொல்லியும் போயிட்டான்."

"ஆபரேஷன் சார்."

"தெரியும்மா. ஒரு நாள் தள்ளி வச்சுக்கக் கூடாதா…" என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்தார். அப்புறம் குரல் மாறியது. "நீ இவ்ளோ நல்லா சமைப்பேன்னு எனக்குத் தெரியாது. அவரு அவ்ளோ புகழ்றாரு. முதலாளிக்கும் சொல்லுவாரு. ஒன்னு செய்வோம். நாளையிலேருந்து சமையல் நீயே பாரு. தேய்க்கறதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். அவனுக்கு நான் சொல்லிக்கறேன். ஒனக்கும் நல்லதுதானே?"

நல்லதுதான். அதில் பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்கு இரண்டு பெண்கள். குழாயடித் தண்ணீரில் நின்று நின்று என் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. அந்த ஒரு நொடியில் அடுப்பு முன்னால் நான் கரண்டியோடு நிற்பதையும் வேறு யாரோ பாத்திரம் தேய்ப்பதையும் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்ததால்தானோ என்னவோ வாய் இன்னும் இறுகிப்போனது.

பேசாமல் இருப்பதில் ஒரு ஆபத்து உண்டு, என்னைப் போன்றவர்களுக்கு அது தெரியும். நாம் பேசாவிட்டால் மற்றவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. மேனேஜரும் தலையாட்டிக்கொண்டார்.

"அப்ப சரி" என்று திரும்பினார். திரைச்சீலைக்கு நாலு எட்டு. அவர் வெளியே போய்விட்டால் அது முடிந்த விஷயம். மூன்று எட்டு. அவர் கை சீலையைத் தொட்டது.

"சார்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"நான் அத வாயில வைக்கல சார்."

"என்னது?"

முழங்கைக்கு மேலே கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். நூலைக் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று தெரிந்தது. மாயவரம் பக்கத்தில் அம்மன் இல்லாத ஊர் ஏது.

"காப்புக் கட்டிக்கிட்டா கறி கழுவின?"

"ஆமா சார்."

"தொடலாமா?"

"தொடக் கூடாது சார்." விட்டால் அப்புறம் வராது என்று தொடர்ந்தேன். "மஞ்சளப் போட்டுக் கெடுத்துட்டேன் சார். அவருதான் ஆஸ்பத்திரியிலேருந்து ஒவ்வொன்னா சொல்லி நேர் பண்ணாரு. அது அவரு சமையல். காப்புக் கட்டின நாள்ல அவரு என்னை ஒரு கறிச்சட்டி தேய்க்க விட்டதில்ல சார். அவரு எடத்துல நான் நிக்க மாட்டேன். அவர அனுப்புனீங்கன்னா நானும் வர மாட்டேன்."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மேனேஜர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். என் நூலைப் பார்த்தார். பிறகு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த தன் காலையும் அது நிற்கிற தரையையும் பார்த்தார்.

"அந்த அம்மாவுக்கு முடிஞ்சுதாமா?" என்றார்.

"தெரியல சார். ஃபோன் அணைச்சு வச்சிருக்கு."

"நாளைக்கு அவன வந்து என்னைப் பாக்கச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபமா வேறு எதுவுமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம் போன் கிடைத்தபோது மாஸ்டரிடம் அதையே சொன்னேன். ஆபரேஷன் முடிந்தது, அண்ணி கண் திறந்தாள் என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஊர் போகிற வரைக்கும், அவர் வேலை போய்விட்டதா இல்லையா என்பதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன். என் வேலையும் போயிருக்கலாம் என்பது ஊர் நெருங்கி, நல்லம்பல் தாண்டிய பிறகுதான் உறைத்தது. வீட்டு வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போனேன். அம்மனிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மாஸ்டர் வந்தார். மேனேஜர் அறையில் கால் மணி நேரம் இருந்தார். மன்னிப்புக் கடிதம் ஒன்றும் மூன்று நாள் விடுப்புக் கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொன்றேகால் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார். மூன்று நாளைக்குச் சைவச் சாப்பாடு மட்டும் என்று மேனேஜர் பலகையில் எழுதி மாட்டினார். மதியத்துக்கு நான் கத்தரிக்காய் சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் வைத்தேன். நாலு பேர் சாப்பிட்டார்கள்.